மடியில் செருகிய பீஸ் கட்டை

கிணற்றுக்குள் இறங்குகிறவன் முதலில் பீஸ் கட்டையைப் பிடுங்குவான். பிடுங்கி மேலேயே வைத்துவிட்டுப் போக மாட்டான். மடியில் செருகிக்கொண்டுதான் இறங்குவான். மேலே வைத்தால், கட்டை கழன்று கிடக்கிறதே என்று எவனாவது எடுத்து மாட்டிவிடுவான். மாட்டுகிறவன் நல்ல எண்ணத்தில்தான் மாட்டுவான். உள்ளே மோட்டாரில் கை வைத்திருக்கிறவனுக்கு அதனால் என்ன.

பீங்கான் கட்டை. உள்ளங்கை நீளம். மூன்று இருக்கும். மூன்றையும் பிடுங்கிவிட்டால் கரண்டுக்கும் மோட்டாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குனிந்தால் இடுப்பில் குத்தும். குத்தட்டும்.

அலங்காநல்லூர்ப் பக்கம் இதை யாரும் யாருக்கும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். முப்பது வருசமாக மோட்டார் வேலை பார்க்கிறேன். படிப்பு எட்டாவது. அதிலும் கடைசிப் பாதி மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் போயிற்று. எழுத வராது. இதை எழுதுவதற்குக் காரணம் ஒரு பெட்டி. அதைவிட, அந்தப் பெட்டியை அனுப்பியவர்கள்.

எங்கள் பக்கம் விவசாயத்துக்கு மும்முனை கரண்ட் நாள் முழுக்க வராது. பகலில் கொஞ்சம், ராத்திரியில் கொஞ்சம். வருகிற நேரமும் மாறும். அதனால் ஆட்டோ ஸ்டார்ட்டர் என்று ஒன்று வந்தது. கரண்ட் வந்தால் அதுவே மோட்டாரைப் போட்டுவிடும். பழைய பெட்டியில் முன்னால் ஒரு திருகு இருந்தது. இந்தப் பக்கம் திருப்பினால் தானாக ஓடும். அந்தப் பக்கம் திருப்பினால் ஆள் வந்து அழுத்தினால்தான் ஓடும். வரப்பில் நின்று பார்த்தாலே திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும். கண் மங்கினவனுக்கும் தெரியும்.

புதுப் பெட்டியில் திருகு இல்லை. ஒரு பச்சை விளக்கும், ஓடுகிற மோட்டாரை நிறுத்த ஒரு பொத்தானும், உள்ளே ஒரு சிம் கார்டும் இருந்தன. மற்றதெல்லாம் போனில்.

பரவையில் மோட்டார்க் கடை வைத்திருக்கிற என் கூட்டாளிதான் இதை முதலில் கொண்டுவந்தான். அவன் கடையில் பெட்டி வாங்குவார்கள், நான் போய் மாட்டுவேன். ஒரு நாள் வந்து, "மாப்ள, கம்பெனிக்காரன் மதுரையில கூட்டம் போடுறான். பிரியாணி உண்டு. வா" என்றான். போனேன்.

குளிர்சாதன ஹால். மெக்கானிக்குகள் நாற்பது பேர் இருப்போம். வெளியூர்க் கம்பெனி. இன்ஜினியர் ஒரு பையன், இன்னும் மீசை சரியாக வரவில்லை. காலில் பளபளவென்று சூ. கிணற்று மண் ஒரு நாளும் ஒட்டாத சூ. திரையில் படம் போட்டுக் காட்டினான். படத்தில் ஒரு விவசாயி வெள்ளை வேட்டியில் தென்னை மரத்தடியில் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு விவசாயியை நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரே கேள்வி. கேட்டேன்.

"கரண்ட் போயிட்டு வந்தா இந்தப் பெட்டி என்ன பண்ணும் தம்பி?"

"தானா மோட்டாரை ஓட்டிரும்ணா. அதுதான் டிபால்ட்."

"அப்படின்னா?"

"நீங்க ஒண்ணுமே சொல்லலைன்னா பெட்டி அதுவா எடுத்துக்கிறதுண்ணா."

"நான் ஒண்ணும் சொல்லலைன்னா சும்மா இருக்கிறதுதான மொறை?"

ஹாலில் சிரித்தார்கள். கூட்டாளி என் தொடையைக் கிள்ளினான். பையனும் சிரித்தான். "வேணாம்னா செட்டிங்ஸ்ல போயி மாத்திக்கலாம்ணா. எல்லாமே யூசர் கையில" என்றான்.

"அந்த யூசர் யாரு?"

"விவசாயிங்கதாண்ணா."

பிரியாணி நன்றாக இருந்தது. அதுமட்டும் நன்றாக இருந்தது.

செட்டிங்ஸில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறவனுக்கு மனிதர்களைத் தெரியாது. எங்கள் வீட்டு டிவி நாலு வருசத்துக்கு முன்னால் வாங்கினது. கடையில் வெளிச்சமாகக் காட்டுவதற்கு வைத்திருந்த பளிச்சிலேயே இன்னும் ஓடுகிறது. பார்த்தால் கண் எரியும். யாரும் மாற்றவில்லை. எங்கள் டீக்கடையில் ஒரு போன் அடித்தால் ஏழு பேர் சட்டைப் பையைத் தடவுவார்கள். ஏழு பேருக்கும் ஒரே மணி. வாங்கின அன்றைக்கு இருந்த மணி. ஏழு பேரில் ஒருவன் எம்.காம். படித்தவன். இதுதான் மனிதர்கள். கொடுத்தது கொடுத்தபடியே கிடக்கும். அப்படியென்றால் எப்படிக் கொடுக்கிறோம் என்பதுதானே முக்கியம்? இதற்கு எட்டாவது படிப்பே அதிகம்.

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னான். "இனிமே பீஸ் கட்டையெல்லாம் தேவையில்லண்ணா. போன்லயே ஆஃப் பண்ணிட்டு எறங்கலாம். கட்டையைக் கழட்டிட்டு நேரடியா லைன் குடுத்துருங்க, பாக்க நீட்டா இருக்கும்."

நீட்டா இருக்கும். இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

மொத்தம் பதினாலு பெட்டி மாட்டினேன். ஒவ்வொன்றிலும் என் போன் நம்பரையும் சேர்த்து வைத்தேன், பழுது வந்தால் பார்ப்பதற்கு. முதல் பெட்டியில் அந்தத் தானாக ஓடுகிற வேலையை நிறுத்தப் போனேன். செட்டிங்ஸ். அதற்குள் ஒன்று. அதற்குள் இன்னொன்று. எல்லாம் இங்கிலீஷ். ஏழு தடவை அழுத்தின பிறகு வந்தது. அணைத்தேன். 'இப்படி வைப்பது நல்லதல்ல, நிச்சயமாகவா?' என்று கேட்டது. என் மகள் வாசித்துச் சொன்னாள். எனக்கு நல்லது எது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியுமாம்.

யாரையும் கேட்காமல் முதல் நாலு பெட்டியையும் அப்படியே அணைத்துவிட்டு வந்தேன். நாலாவது பெட்டி வில்லாபுரத்துக்காரருடையது. ஆபீஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். வில்லாபுரத்தில் வீடு, எங்கள் பக்கம் ஒரு வாழைத் தோட்டம். வாரம் ஒரு தடவைதான் வருவார். அவர் வந்து பார்த்தபோது வாழை துவண்டு நின்றது.

"தானா ஓடும்னுதானேய்யா இதை வாங்குனேன். ஒன்னைய யாரு அணைக்கச் சொன்னா? நான் கேட்டேனா?"

கேட்கவில்லைதான். நானும் அந்தக் கம்பெனிக்காரன் வேலையைத்தான் பார்த்திருக்கிறேன், வேறு பக்கமாக.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பெட்டியை மாட்டி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி. 'நீங்க பக்கத்துல இல்லாதப்ப மோட்டார் தானா ஓடலாமா, கூடாதா?' அவ்வளவுதான். எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. யாருக்கும் யோசிக்கக்கூட நேரம் ஆகவில்லை. ஒருவர், மல்லிகைக்குத் தண்ணீர் நின்றால் வேர் அழுகும், கூடாது என்றார். ஒருவர், வாய்க்கால் உடைந்து அடுத்தவன் கொல்லையில் பாய்ந்தால் வெட்டுக்குத்து ஆகும், கூடாது என்றார். ஒருவர் "நான் இல்லாம என் தோட்டத்துல எதுவும் ஓடக் கூடாது" என்றார், அவ்வளவுதான். முதலில் மாட்டின மூன்று பேரிடமும் திரும்பப் போய்க் கேட்டேன். பதினாலில் பதிமூன்று பேர் கூடாது என்றார்கள். வில்லாபுரத்துக்காரர் மட்டும் ஓடட்டும் என்றார். கூடாது என்றவர்கள் பெட்டியின் மூடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தேன். அவருக்குப் பச்சை. திருகு இல்லாத குறைக்கு அது.

கேள்வி கேட்கத் தெரிந்த எனக்கு இன்னொன்றில் புத்தி போகவில்லை. பதினாலில் மூன்று தோட்டத்தில் பீஸ் கட்டையைக் கழற்றி நேர் லைன் கொடுத்தேன். அவர்களாகவே கேட்டார்கள். நீட்டாகத்தான் இருந்தது. நானே செய்தேன், யாரும் என் கையைப் பிடித்துச் செய்ய வைக்கவில்லை.

மிச்ச இடங்களில் கட்டை அப்படியே இருந்தது. மல்லிகைத் தோட்டத்து அம்மா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. புருசன் இல்லை. ஒரு ஏக்கர் மல்லிகை, ஒரு கிணறு, தனியாகப் பார்க்கிறது. "கட்டையைத் தொட்டா நடக்குறது வேற" என்றது. அதனால் பழைய மெயின் சுவிட்சைக் கட்டையோடு அப்படியே விட்டு, புதுப் பெட்டியை அதற்கு முன்னால் வைத்தேன். பெட்டியைத் தாண்டி, கட்டையைத் தாண்டித்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும்.

கோடையில் ஒரு நாள் அது போன் பண்ணியது. மோட்டாரில் தண்ணீர் ஒழுகுகிறதாம். போனேன். பழைய கிணறு. பாதி ஆழத்தில் ஒரு கல் திட்டு, அதன்மேல் மோட்டார். கிளாண்டு கயிறு தேய்ந்திருக்கும் என்று தெரிந்தது. தண்ணீர் ஒழுகாமல் இருக்கத் தண்டைச் சுற்றித் திணிக்கிற கயிறு. அதை மாற்றும்போது ஒரு கையால் கயிறு திணிக்க வேண்டும், இன்னொரு கையால் மோட்டாரையும் பம்பையும் சேர்க்கிற கப்ளிங்கைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மோட்டார் ஓடினால் கை இருக்காது.

போனைப் பார்த்தேன். ஆஃப் என்று சிவப்பில் காட்டியது. கரண்ட் வர இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது. கிணற்று மேட்டு மோட்டார் ரூமின் வெளிச்சுவரில், பெட்டி மூடியில் என் சிவப்புப் பொட்டும் தெரிந்தது. போனை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். கட்டையைப் பிடுங்கவில்லை. ரூமுக்குள் போய்ப் பிடுங்கச் சோம்பல். முப்பது வருசத்தில் அப்படி இறங்கினது அன்றைக்குத்தான்.

பாதிக் கயிறு திணித்திருப்பேன். மேலே பெட்டிக்குள் டக் என்று சத்தம் கேட்டது. மேலே இருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்தது.

"அண்ணே, ஒங்க போனு என்னமோ கூவுது. மோட்டார் ஓடுதாம்."

"எந்த மோட்டாரு?"

"நீங்க கை வச்சிருக்கீங்களே, அதேதான்."

கையைப் பார்த்தேன். கப்ளிங்கின்மேல் இருந்தது. எடுக்க வேண்டும் என்று தோன்றிய பிறகும் கொஞ்ச நேரம் எடுக்க வரவில்லை. மோட்டார் அசையாமல் கிடந்தது. மேலே பெட்டி மறுபடியும் டக் என்றது. 'ஓட்டிப் பார்த்தேன், லோடு இல்லை' என்று பெட்டி தானாகவே நிறுத்திக்கொண்டது.

ஏறி வந்தேன். அந்த அம்மா கிணற்று மேட்டில் உட்கார்ந்து பூக்கூடையைப் பின்னிக்கொண்டிருந்தது.

"கட்டை எங்க தாயி?"

சேலைக் கொசுவத்தை விலக்கிக் காட்டியது. மூன்றும் அங்கே இருந்தன.

"ஒங்க போனை நம்பி ஒங்கள உள்ள விட நான் என்ன கிறுக்கியா? செத்தா எங்க கெணத்துலல செத்துக் கெடப்பீங்க. தண்ணிய யாரு எறைக்கிறது?"

நான் கீழே உட்கார்ந்தேன். அது ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தது. குடித்தேன்.

போனை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பெட்டியில் தானாக ஓடுகிற வேலை ஆன் ஆகியிருந்தது. நான் செய்யவில்லை, அந்த அம்மா செய்யவில்லை. ரெண்டு நாளைக்கு முன்னால் கம்பெனியிலிருந்து அப்டேட் என்று ஒரு செய்தி வந்திருந்தது. பெட்டியை மேம்படுத்தியிருக்கிறோம் என்று போட்டிருந்தார்கள். மேம்படுத்திவிட்டார்கள்.

மற்றப் பெட்டிகளைப் பார்த்தேன். பதிமூன்றும் ஆன்.

கரண்ட் முன்கூட்டியே வந்துவிட்டது. எல்லாத் தோட்டமும் ஒரே லைன். கோடை என்பதால் பாதிக் கிணற்றில் தூர் வாருகிறார்கள். எந்தக் கிணற்றில் எவன் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அதில் மூன்று கிணற்றுக்குக் கட்டை கிடையாது. கழற்றினது நான்.

அந்த மூன்று பேருக்கும் முதலில் போன் பண்ணினேன்.

"கெணத்துக்குள்ள ஆள் இருக்கா?" என்றேன் முதல் ஆளிடம்.

"தண்ணியில்லாத கெணத்துக்குள்ள எதுக்குண்ணே ஆளு, விழுகுறதுக்கா?" என்றான். அவன் பெட்டியை அணைத்தேன். ஏழு அழுத்து. நிச்சயமாகவா என்றது.

ரெண்டாவது ஆள் சொந்தக்காரன் கல்யாணத்தில் பந்தியில் இருந்தான். "சாம்பார் ஊத்துறாய்ங்க, பெறகு பேசுறேன்" என்றான். சாப்பிடட்டும். அவனுடையதையும் அணைத்தேன்.

மூன்றாவது ஆள் போனை எடுக்கவில்லை. அவன் பெட்டியும் போனில் அகப்படவில்லை. அந்தப் பக்கம் சிக்னல் கிடைத்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. அவனும் பொண்டாட்டியும் நாலு நாளாகத் தூர் வாருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நீர்மூழ்கி மோட்டார். கேபிளில் அங்கங்கே ஜாயிண்டு போட்டு டேப் சுற்றியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவனுக்குப் பக்கத்தில் அது.

மிச்சப் பேருக்குப் போன் பண்ணுகிற வேலையை மல்லிகைத் தோட்டத்து அம்மாவிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். "எல்லாருக்கும் நான் சொல்லிர்றேன், போங்க" என்றது.

மூன்று மைல். வண்டி டிவிஎஸ், எவ்வளவு முறுக்கினாலும் வேகம் ஏறாது. வழியில் என்ன நினைத்தேன் என்று கேட்டால் ஒன்றும் நினைக்கவில்லை. நீட்டா இருக்கும் என்று அந்தப் பையன் சொன்னது மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

தோட்டத்துக்குள் திரும்பும்போதே வாய்க்காலில் தண்ணீர் தெரிந்தது. சேற்றுத் தண்ணீர். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்று மேட்டில் யாரும் இல்லை. கயிறு உள்ளே தொங்கியது. வண்டியைக் கீழே போட்டுவிட்டு நேரே பெட்டிக்குப் போனேன். பொத்தானை அழுத்தி அணைத்தேன். அப்புறம்தான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஒரு மண்வெட்டி தெரிந்தது. ஒரு கூடை மிதந்தது. வேறொன்றும் தெரியவில்லை. கலங்கல் தண்ணீர்.

"ஏ அப்பே!" என்று கத்தினேன்.

"என்னண்ணே?" என்று பின்னாலிருந்து சத்தம்.

வேப்ப மரத்தடியில் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வாயில் வெற்றிலை. அவள் கையில் டம்ளர். ரெண்டு பேர் உடம்பிலும் சேறு காயவில்லை.

"யாருடா மோட்டாரைப் போட்டது?"

"நான் போடலையே. நீங்கதான் போன்ல போட்டு டெஸ்ட் பண்றீங்கன்னுல நெனச்சேன்."

"நீ எப்ப ஏறுன?"

"இப்பத்தான். வெத்தலை போடணும் போல இருந்துச்சு. தண்ணி வர ஆரம்பிச்சதப் பாத்து இவகிட்டச் சொன்னேன், அண்ணன் வேலை பாக்குறார்டின்னு."

ஒரு வெற்றிலை. அவன் உயிர் அதில் நின்றது. கம்பெனிக்காரன் மேம்பாட்டில் நிற்கவில்லை, என் சிவப்புப் பொட்டில் நிற்கவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரியவில்லை. நான் வண்டிப் பையிலிருந்து பழைய கட்டை செட்டை எடுத்து அங்கேயே மாட்டினேன். ஒரு மணி நேரம் ஆனது.

"போன்லதான் ஆஃப்னு காட்டுதே, இது எதுக்குண்ணே?" என்றான்.

"வாயை மூடு" என்றேன்.

"ஏய், அண்ணன் சொல்றாருல்ல" என்றாள் அவள். அவளே கட்டையைப் பிடுங்கிப் பார்த்தாள், மாட்டிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே மற்ற ரெண்டு தோட்டத்துக்கும் போய்க் கட்டை மாட்டினேன். கல்யாணத்துக்குப் போனவன் வீட்டில் இல்லை. அவன் இல்லாமலே மாட்டினேன். அந்த ஒன்றை மட்டும் கேட்காமல் செய்தேன். அதற்கு நான் வெட்கப்படவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் மாட்ட மாட்டேன் என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்து அந்த இன்ஜினியர் பையனையே கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"மாப்ள, கோவத்தை விடு. தம்பி ஒன்னையப் பாக்கணும்னே வந்துருக்கு."

பையன் மடிக்கணினியைத் திறந்தான். "நாங்க எங்க இஷ்டத்துக்குப் பண்ணலண்ணா. யூசருக்கு எது பிடிக்குதுன்னு பாத்துத்தான் பண்ணுனோம். ஆட்டோவை அணைச்சவங்க ரொம்பக் கம்மி. எல்லாரும் ஆன்லயே வச்சிருக்காங்க. அப்போ அதுதானே பிடிச்சிருக்கு?"

தொடாமல் கிடப்பதைப் பிடித்திருக்கிறது என்கிறான். எங்கள் வீட்டு டிவியைப் பார்த்தால் எனக்குக் கண் எரிவது பிடித்திருக்கிறது என்பான்.

"என் பெட்டி பதிமூணும் ஆஃப்ல இருந்துச்சே. அது கண்ணுல படலையா?"

பையன் கொஞ்சம் நெளிந்தான். "பட்டுச்சுண்ணா. எல்லாம் ஒரே போன்ல இருந்து மாறியிருந்துச்சு. யாரோ தெரியாம அழுத்திட்டாங்கன்னு நெனச்சோம். அதான் அப்டேட்ல சரி பண்ணிட்டோம்."

கூட்டாளி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அழுத்தினது ஒவ்வொன்றும் ஏழு தடவை. பதிமூன்று பெட்டிக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். தெரியாமல் அழுத்துகிறவன் அத்தனை தடவை அழுத்துவானா? நிச்சயமாகவா என்று பெட்டி கேட்டு, ஆமா என்று பதிமூன்று தடவை சொன்னவனுக்கா தெரியாது?

வண்டியில் ஏறு என்றேன். மல்லிகைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். கூட்டாளியும் பின்னாலேயே வந்தான்.

அந்த அம்மாவிடம் விசயத்தைச் சொன்னேன். பையனை மேலும் கீழும் பார்த்தது. மோட்டார் ரூமுக்குள் போய்விட்டு வந்தது. பிறகு போனை எடுத்து, அவன் கண் முன்னால் மோட்டாரை ஆஃப் பண்ணிக் காட்டியது.

"தம்பி, மோட்டார் சூடாகுது. எறங்கிக் கையை வச்சுப் பாரு. ஆஃப் பண்ணிட்டேன், பாரு, செவப்புல காட்டுது."

பையன் சூவைக் கழற்றினான். படியில் ஒரு கால் வைத்தான். நின்றான். கிணற்றுக்குள் பார்த்தான், மோட்டார் ரூமைப் பார்த்தான்.

"அக்கா, மெயினை ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"போன்ல பண்ணிட்டேனே."

"இல்லக்கா... மெயின்."

"ஏன், ஒங்க பெட்டியில ஒனக்கே நம்பிக்கையில்லையா?"

பையன் மறுபடியும் மோட்டார் ரூமைப் பார்த்தான். கால் படியிலேயே இருந்தது. கூட்டாளி, "தாயி, விட்டுரு" என்றான். அந்த அம்மா விடவில்லை. அவன் முகத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் கொசுவத்தை விலக்கிக் கட்டையைக் காட்டியது.

"எம்புட்டு நேரம் நின்ன பாத்தியா? நீ கேட்ட பாரு, அதுதான்யா எல்லாரும் கேக்குறது. இதக் கொண்டுபோயி ஒங்க கம்ப்யூட்டர்ல ஏத்து."

பையன் இறங்கவேயில்லை. சூவைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டி வரைக்கும் வெறுங்காலில் நடந்தான். முள் குத்தியிருக்கும்.

போகிற வழியில் என்னிடம் கேட்டான். "அப்போ எதை டிபால்ட்டா வைக்கணும்ணா? ஆட்டோ வேணும்கிறவங்களும் இருக்காங்கள்ல?"

இருக்கிறார்கள். வில்லாபுரத்துக்காரர் இருக்கிறார். அவர் கேட்பதில் தப்பில்லை. சொன்னேன். "மாட்டுறப்பவே கேளு. ஒரே ஒரு கேள்வி, தமிழ்ல. பதில் சொல்லாம விட்டான்னா ஓடாம வையி. ஒரு நாள் தண்ணி பாயலைன்னா நாளைக்குப் பாய்ச்சிக்கலாம். கை போனா நாளைக்கு வராது. ஒருத்தன் ஒரு தடவை சொல்லிட்டான்னா அப்புறம் அதத் தொடாத. நீ எத்தனை அப்டேட்டு வேணும்னாலும் விடு. அதத் தொடாத."

அவ்வளவு நீளமாக நான் அந்த வருசத்தில் பேசினதில்லை. பையன் போனில் எழுதிக்கொண்டான். எழுதினதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. அது என் மடத்தனம்.

ரெண்டு மாதம் கழித்து வில்லாபுரத்துக்காரர் போன் பண்ணினார்.

"யோவ், வாழை மறுபடியும் காயுதுய்யா! திரும்ப அணைச்சிட்டியா?"

"நான் தொடலை சார்."

"பின்ன யாரு?"

போனைப் பார்த்தேன். புது அப்டேட். பெட்டியை மேலும் பாதுகாப்பாக மேம்படுத்தியிருக்கிறோம் என்று போட்டிருந்தார்கள். பதினாலு பெட்டியும் ஆஃப். பச்சைப் பொட்டு வைத்த பெட்டியும் ஆஃப். நான் சொன்னதில் ஒரு பாதி மட்டும் அவர்கள் காதில் ஏறியிருக்கிறது. முன்னால் எல்லோரையும் கேட்காமல் ஓட்டினார்கள், இப்போது எல்லோரையும் கேட்காமல் நிறுத்துகிறார்கள். ஓட்டுவதா நிறுத்துவதா என்று மட்டும் பேசி முடிவெடுத்திருப்பார்கள், பெரிய ஹாலில், குளிரில். கேட்பது என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

"யாரைக் கேட்டுய்யா மாத்துனாங்க?" என்றார் வில்லாபுரத்துக்காரர்.

"நானும் அதைத்தான் சார் கேக்குறேன்" என்றேன். போய் அவருடையதை ஆன் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏழு அழுத்து. இந்தத் தடவையும் நல்லதல்ல என்றது. முன்னால் அதைத்தான் நல்லது என்று சொன்னது.

வருகிற வழியில் மல்லிகைத் தோட்டத்தில் வேலை இருந்தது. கிளாண்டு கயிறு மறுபடியும் ஒழுகியது. அன்றைக்குப் பாதியில் விட்ட கயிறு, பிறகு வந்து அவசரத்தில் திணித்தது.

"சரி பண்ணிட்டாங்களாம் தாயி. இப்பத் தானா ஓடாதாம்" என்றேன்.

"யாரு, அந்தச் சூக்காரத் தம்பியா?"

"ஆமா."

"அப்படியா" என்றது. மோட்டார் ரூமுக்குள் போய் மூன்று கட்டையையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. நான் கையை நீட்டினேன், என் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று.

கொடுக்கவில்லை. "நீங்க ஒரு தடவை மறந்த ஆளு" என்றது. தன் மடியில் செருகிக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்து பூக்கூடையை எடுத்தது.

நான் இறங்கினேன்.